மேசைக் கற்பனை விளையாட்டுகளில் உருமாற்ற விதிகள்

உருமாற்ற விதிகள், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளில் ஒரு பாத்திரம் வேறொரு உயிரின் வடிவை எடுப்பதை வரையறுக்கும் விதிகள். 1974-இல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கி இவை ஒவ்வொரு பதிப்பிலும் மாற்றி எழுதப்பட்டுள்ளன. இந்த மாற்றங்களின் போக்கு, உருமாற்றத்தை ஆபத்தான செயலிலிருந்து பாதுகாப்பான கருவியாக ஆக்கியது. தமிழ் மரபில் வழங்கும் கூடுவிட்டுக் கூடு பாய்தல் கதைகள் இதே கேள்விக்கு வேறு விடை சொல்கின்றன. இரண்டையும் ஒப்பிடும்போது விளையாட்டு விதிகளின் வலிமையும் குறையும் தெளிவாகின்றன.

விளையாட்டின் அமைப்பு

பாத்திர விளையாட்டில் பொதுவாக நான்கு முதல் ஆறு பேர் பங்கேற்பார்கள். ஒருவர் நடத்துநர். கதை நிகழும் உலகையும் எதிரிகளையும் அவர் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பார்கள். பாத்திரத்தின் உடல்வலு, விரைவு, தாங்குதிறன், அறிவு, விவேகம், ஆளுமை ஆகிய ஆறும் எண்களாக ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். அடிபட்டால் குறையும் எண் உயிர்ப்புள்ளி எனப்படும். செயல் வெற்றியா தோல்வியா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்.

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் ஐந்து பேர் ஆடுவதாக வைத்துக்கொள்ளலாம். கதையையும் அவர்கள் தங்கள் ஊரிலேயே அமைத்திருக்கிறார்கள். புழல் ஏரியின் அக்கரையில் கொள்ளையர் கூட்டம் தங்கியிருக்கிறது. ஒருவருடைய பாத்திரம் ட்ரூயிட், அதாவது விலங்குருவம் எடுக்கத் தெரிந்த வனத்துறவி. "நீர்க்காகமாக மாறிப் பறந்துபோய் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு வருகிறேன்" என்று அவர் சொல்கிறார்.

இந்த ஒரு வாக்கியம் பல கேள்விகளை எழுப்புகிறது. அவரால் பறவையாக மாற முடியுமா? எவ்வளவு நேரம் அப்படி இருக்கலாம்? உடுத்திய துணியும் கையிலிருந்த கோலும் எங்கே போகும்? பறவையாக இருக்கும்போது பேச முடியுமா? அக்கரையிலிருந்து ஒருவன் எறிந்த கல் பட்டால் சாவது பறவையா, துறவியா? அவர் போய்வரும்வரை மற்ற மூன்று ஆட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? உருமாற்ற விதிகள் இக்கேள்விகளுக்கான விடைகளே. இவற்றில் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலான விதிநூல்கள் நேரடியாகக் கேட்பதில்லை.

விதிகளின் வரலாறு

தொடக்கம்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய 1974-ஆம் ஆண்டுப் பதிப்பில் உருமாற்றத்துக்கு இரு மந்திரங்கள் இருந்தன. ஒன்று தன்னை மாற்றிக்கொள்வது, மற்றொன்று பிறரை மாற்றுவது. தன்னை மாற்றிக்கொள்பவர் தோற்றத்தையும் நகரும் முறையையும் மட்டுமே பெறுவார். டிராகனாக மாறினால் பறக்கலாம், ஆனால் டிராகனைப் போல் போரிடவோ நெருப்பை உமிழவோ முடியாது. அந்த மாற்றம் குறிப்பிட்ட நேரத்தில் கலைந்துவிடும். பிறருக்குச் செய்யும் மாற்றமோ புதிய உடலின் எல்லா ஆற்றல்களையும் தரும். வேறொரு மந்திரத்தால் நீக்கப்படும்வரை அது நிலைத்திருக்கும்.

இவ்வேறுபாடு கூர்மையானது. தானே விரும்பி எடுக்கும் உருவம் வேடம் மட்டுமே. பிறரால் திணிக்கப்படும் உருவம் உண்மையான உடல். ஒன்று தந்திரம், மற்றொன்று சாபம்.

1978-ஆம் ஆண்டு வெளியான அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பதிப்பின் ஆட்டக்காரர் நூல் இதில் ஆபத்தைக் கூட்டியது. பிறரால் உருமாற்றப்படும் உயிர் அந்த அதிர்ச்சியைத் தாங்குகிறதா என்று அதன் தாங்குதிறனைக் கொண்டு பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். தாங்காவிட்டால் சாவு. தப்பினாலும் நாளடைவில் புதிய உடலின் மனமே தன் மனமாகிவிடும் அபாயம் உண்டு. அறிவு மிகுந்தவர்களுக்கு அந்த அபாயம் குறைவு. அதே நூலில் ட்ரூயிட் பாத்திரம் 7-ஆம் நிலையில் ஊர்வன, பறவை, பாலூட்டி என்று நாளொன்றுக்கு மூவகை உருவங்களை, வகைக்கு ஒருமுறை எடுக்கும் ஆற்றலைப் பெற்றது. அதில் இந்த அபாயங்கள் இல்லை. மாறும்போது காயத்தின் ஒரு பகுதி ஆறவும் செய்யும். பாதுகாப்பான உருமாற்றம் இங்கே தொடங்கியது எனலாம்.

சமநிலைச் சிக்கல்

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பும் 2003-இல் வந்த அதன் திருத்தமும் எல்லாவற்றையும் எண்களால் துல்லியமாக்க முயன்றன. உருமாறும் ட்ரூயிட் விலங்கின் உடல்வலு, விரைவு, தாங்குதிறன் மூன்றையும் பெறுவார். அறிவு, விவேகம், ஆளுமை மூன்றும் அவருடையவையாகவே இருக்கும். இதன் விளைவை ஆட்டக்காரர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். சொந்த உடல் நலிந்திருந்தாலும் கவலையில்லை, கரடியின் உடல் கையிருப்பில் இருக்கிறது. விலங்குருவில் இருந்தபடியே மந்திரம் சொல்ல வழிசெய்யும் ஒரு திறனும் அதே நூலில் இருந்தது. வாள்வீரனாக ஆடுபவர் ஒரு வேலையில் தேர்ந்தவராக இருக்க, ட்ரூயிடாக ஆடுபவர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் ஒரே நேரத்தில் இருந்தார்.

இது கணக்குப் பிழை மட்டுமல்ல. சனிக்கிழமை மாலையை ஒதுக்கி வந்து அமர்ந்திருக்கும் ஒருவர், தன் பாத்திரத்துக்குச் செய்ய ஏதுமில்லை என்று உணர்ந்தால் அடுத்த வாரம் வரமாட்டார். 2006-இல் வந்த இரண்டாம் ஆட்டக்காரர் நூல் உருமாற்ற மந்திரங்களைத் தனிவகையாக்கி, ஒவ்வொரு மந்திரமும் எந்த உருவத்தைத் தரும் என்று வரம்பு கட்டியது. 2008-இல் வந்த நான்காம் பதிப்பு எதிர்முனைக்குப் போனது. ட்ரூயிட் விலங்காக மாறினாலும் தாளில் உள்ள எண்கள் மாறுவதில்லை. எந்த விலங்கு என்பது ஆட்டக்காரரின் வருணனையைப் பொறுத்தது. சமநிலை கிடைத்தது. ஆனால் ஓநாயாக மாறியதற்கும் சிறுத்தையாக மாறியதற்கும் வேறுபாடு இல்லாமல் போனது.

ஐந்தாம் பதிப்பும் திருத்தமும்

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விலங்கின் உடலை ஒரு மேலங்கியாக்கியது. ட்ரூயிட் 2-ஆம் நிலையிலேயே இவ்வாற்றலைப் பெறுவார். தான் முன்பு கண்ட விலங்காக மட்டுமே மாறலாம். நீந்தும் விலங்காக 4-ஆம் நிலையிலும் பறக்கும் விலங்காக 8-ஆம் நிலையிலும்தான் மாற முடியும். தன் நிலையில் பாதியளவு மணிநேரம் உருவம் நிலைக்கும். அணிந்தவை தரையில் விழலாம், உடலோடு கலந்துவிடலாம், அல்லது விலங்கின் மீதே இருக்கலாம். ஓர் இளைப்பாறலுக்குள் இருமுறை மாறலாம்.

கள்ளிக்குப்பத்து ஆட்டத்தின் கேள்விகளுக்கு இங்கே தெளிவான விடை உண்டு. 8-ஆம் நிலை ட்ரூயிட் நீர்க்காகமாகி நான்கு மணிநேரம் பறக்கலாம், பேச முடியாது. கல் பட்டுப் பறவையின் உயிர்ப்புள்ளி தீர்ந்தால் அவர் தன் பழைய உடலுக்கு, பழைய உயிர்ப்புள்ளியோடு திரும்புவார். மிஞ்சிய அடி மட்டும் அவரைச் சேரும்.

இந்தக் கடைசி விதி பெரிய விளைவை உண்டாக்கியது. 2-ஆம் நிலையில் ட்ரூயிடின் சொந்த உயிர்ப்புள்ளி ஏறத்தாழ 15. உருமாற்றத்தில் தேர்ந்த பிரிவினர் அந்நிலையிலேயே பழுப்புக் கரடியாகலாம், அதற்கு 34 புள்ளி. இருமுறை மாறினால் 68 புள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது. 20-ஆம் நிலையில் கணக்கின்றி மாறலாம் என்பதால் அவரை வீழ்த்துவது ஏறக்குறைய இயலாது. கரடியின் உடல் அடிவாங்கவே எடுக்கப்படும் பொருளானது.

2024-ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சரிசெய்தது. விலங்கின் உயிர்ப்புள்ளி கிடைக்காது. தன் நிலைக்குச் சமமான தற்காலிகப் புள்ளிகள் மட்டும் கிடைக்கும். 2-ஆம் நிலையில் நான்கு உருவங்களைத் தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்பு கண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கியது. ஆட்டம் விரைவானது. ஆனால் நீக்கப்பட்ட நிபந்தனைக்கு ஒரு மதிப்பு இருந்தது. புழல் ஏரிக்கரையில் வளர்ந்த துறவிக்கு நீர்க்காகமும் நாமக்கோழியும் கீரியும் தெரிந்திருக்கும், பனிக்கரடி தெரிந்திருக்காது. கண்டதே உருவமாகும் என்ற விதி பாத்திரத்தை ஓர் ஊரோடு கட்டியது. பட்டியலிலிருந்து தேர்வது அக்கட்டை அவிழ்த்துவிட்டது.

பிற விளையாட்டுகள்

ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986-இல் வெளியிட்ட கர்ப்ஸ் உருமாற்றத்தை விலைப்பட்டியலாக்கியது. 2004-இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் மாற்றுருவம் ஒன்றுக்கு அடிப்படை விலை 15 புள்ளி. அவ்வுருவம் சொந்த உருவைவிட மதிப்பு மிக்கதானால் வேறுபாட்டில் 90 விழுக்காட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். நினைத்த உருவையெல்லாம் எடுக்கும் ஆற்றலுக்கு 100 புள்ளி. பாத்திரத்தை உருவாக்கும்போதே விலை தீர்க்கப்படுவதால் மற்ற ஆட்டக்காரர்களுக்கு மனக்குறை எழுவதில்லை. ஆனால் கதைக்குள் அந்த விலை தெரிவதில்லை.

ஒயிட் வுல்ஃப் நிறுவனத்தின் வேர்வுல்ஃப்: தி அப்போகலிப்ஸ் 1992-இல் வேறு வழியில் சென்றது. அதில் ஓநாய் மனிதருக்கு மனிதன் முதல் ஓநாய்வரை ஐந்து உருவங்கள். நடுவிலுள்ள போருருவம் மிகுந்த வலிமை தரும். அதைக் காணும் சாதாரண மனிதர்கள் சித்தம் கலங்குவார்கள். சினம் மிகுந்தால் உருமாறியவரே தன்வசம் இழந்து நண்பரையும் தாக்கக்கூடும். இங்கே விலை கதைக்குள் கட்டப்படுகிறது, கூட இருப்பவர்களும் அதில் பங்கேற்கிறார்கள்.

தமிழ் மரபின் விதிகள்

தமிழில் வழங்கும் உருமாற்றக் கதைகளை விதிநூலாக வாசித்தால் அவற்றில் மூன்று வகைகள் தெரிகின்றன.

முதலாவது வஞ்சக வேடம். இராமாயணத்தில் மாரீசன் பொன்மானாகிறான், சூர்ப்பணகை அழகியாகிறாள், அகலிகை கதையில் இந்திரன் கௌதமராகிறான். இவர்களின் மனம் மாறுவதில்லை. அம்பு பட்டதும் மாரீசனின் வேடம் கலைகிறது. ஆனால் அடி அவன் உயிரையே எடுக்கிறது. மானின் உடல் அவனுக்குக் கவசமாகவில்லை.

இரண்டாவது தெய்வ வேடம். கள்ளிக்குப்பத்தைப் போலவே சென்னையின் மேற்குப் புறநகரில் உள்ள திருவேற்காட்டின் தலபுராணத்தில் கருமாரி குறி சொல்லும் பெண்ணாகச் சூரியனிடம் செல்கிறாள். சூரியன் அவளை அறியாமல் பொருட்படுத்தாது விட, தன் ஒளியை இழக்கிறான். இவ்வகையில் விலை உருமாறியவருக்கில்லை. கண்டும் அறியாதவரே அதைத் தருகிறார்.

மூன்றாவது கூடுவிட்டுக் கூடு பாய்தல். இதன் விதிகள் கதைக்குக் கதை பெரிதும் மாறாதவை. உயிர் தன் உடலை விட்டு, உயிர் நீங்கிய வேறோர் உடலில் புகும். மனமும் நினைவும் புகுந்தவருடையவை. காலவரம்பு இல்லை. திரும்புவதற்கு ஒரே நிபந்தனை, விட்டுவந்த உடல் கெடாமல் இருக்க வேண்டும். இக்கதைகளின் சிக்கல் புதிய உடலில் நிகழ்வதைவிடப் பழைய உடலுக்கு நேர்வதிலேயே பெரும்பாலும் இருக்கிறது.

பெரியபுராணம் சொல்லும் திருமூலர் வரலாற்றில், கயிலையிலிருந்து வந்த யோகியார் சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடப்பதையும் பசுக்கள் கதறுவதையும் காண்கிறார். பசுக்களின் துயர் தீர்க்கத் தன் உடலை மறைவாக வைத்துவிட்டு மூலனின் உடலில் புகுகிறார். மாலையில் பசுக்கள் வீடு சேர்கின்றன. மூலனின் மனைவி அவரைக் கணவனென்று அழைக்கிறாள், அவர் விலகுகிறார். திரும்பி வந்து பார்த்தால் வைத்த இடத்தில் உடல் இல்லை. மேய்ப்பனின் உடலிலேயே தங்கித் திருமந்திரத்தை அருளினார் என்பது வரலாறு.

விக்கிரமாதித்தன் கதைகளில் அரசன் இறந்த கிளியின் உடலில் புகும்போது, அந்த மந்திரத்தை மறைந்திருந்து கற்ற ஒருவன் அரசனின் வெற்றுடலில் புகுந்து அரண்மனைக்குப் போய்விடுகிறான். அருணகிரிநாதரைப் பற்றிய வழக்கில், அவர் கிளியுடலில் புகுந்து பாரிசாத மலர் கொண்டுவரச் சென்றபோது பகைவர் அவர் உடலை எரித்துவிடுகிறார். திருவண்ணாமலையின் கிளிக்கோபுரம் அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆதிசங்கரர் இறந்த அரசன் அமருகனின் உடலில் புகுந்த கதையில் சீடர்கள் அவர் உடலைக் காக்கிறார்கள். அரச வாழ்வில் அவர் தன்னை மறக்கத் தொடங்கும்போது பாடகர்களாக வந்து பாடி நினைவூட்டுகிறார்கள்.

ஓர் உடல் மறைகிறது, ஓர் உடல் பறிபோகிறது, ஓர் உடல் எரிகிறது, ஓர் உடல் காக்கப்படுகிறது. நான்கு கதைகளும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகின்றன: விட்டுப்போன உடலுக்கு யார் காவல்?

மேஜிக் ஜார் மந்திரம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கூடு பாய்தலுக்கு மிக நெருங்கியது மேஜிக் ஜார். 1974 முதல் இருந்துவரும் மந்திரம் இது. மந்திரவாதியின் உயிர் ஒரு கலத்துக்குள் சென்று, அங்கிருந்து பிறர் உடலில் புகும். ஐந்தாம் பதிப்பில் இது 6-ஆம் படி மந்திரம். விட்டுப்போன உடல் அசைவற்றுக் கிடக்கும். கலம் உடைந்தால் உயிர் தன் உடலுக்குத் திரும்பும். உடல் 100 அடிக்கு அப்பால் இருந்தாலோ இறந்திருந்தாலோ மந்திரவாதி இறப்பார்.

உடலைக் காக்க வேண்டிய கட்டாயம் இங்கே இருக்கிறது. ஆனால் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. மேஜிக் ஜார் உயிரோடிருப்பவரின் உடலைப் பறிக்கிறது. பறிக்கப்பட்டவரின் உயிர் கலத்துக்குள் அடைபடுகிறது. கூடு பாய்தல் இறந்த உடலில் மட்டுமே நிகழ்கிறது. அதில் யாரும் வெளியேற்றப்படுவதில்லை. அதனால்தான் ஒன்று தீய மந்திரவாதிகளுக்கே பொருந்துவதாகவும், மற்றொன்று சித்தர்களுக்கும் அரசர்களுக்கும் உரிய வித்தையாகவும் நிற்கிறது. எந்த உடலில் புகலாம் என்ற ஒற்றை விதி வித்தையின் அறத்தையே மாற்றிவிடுகிறது.

மதிப்பீடு

விளையாட்டு விதிகளை மரபுக் கதைகளின் அளவுகோலால் மட்டும் அளப்பது நியாயமாகாது. கதைக்கு ஒரு நாயகன் போதும். மேசையில் அமர்ந்திருப்பவர் ஒவ்வொருவரும் நாயகரே. ஒருவரின் உடல் எரிந்து அவர் கிளியாகவே தங்கிவிடுவது கேட்பவருக்கு நல்ல கதை. ஆறு மாதம் வளர்த்த பாத்திரத்தை ஒரு பகடையில் இழக்கும் ஆட்டக்காரருக்கு அது இழப்பு மட்டுமே. 1978-இன் அதிர்ச்சிப் பகடை கைவிடப்பட்டதற்கு இந்தக் காரணம் போதுமானது. 2024-இன் தற்காலிகப் புள்ளிகளும் மற்றவர்களின் பங்கைக் காப்பதற்காக வந்தவை. அவ்வகையில் அது நேர்மையான திருத்தம்.

ஆனால் ஐம்பது ஆண்டுத் திருத்தங்களில் ஒரு தவறான சமன்பாடு நிலைபெற்றுவிட்டது. உருமாற்றத்தின் ஆற்றல் மிகுதியாகும்போதெல்லாம் ஆற்றலை வெட்டினார்கள், எண்களைக் குறைத்தார்கள், பட்டியலைச் சுருக்கினார்கள். மற்ற ஆட்டக்காரர்கள் வேலையின்றி இருப்பதே சிக்கல் என்றால், அவர்களுக்கு வேலை தருவது இன்னொரு தீர்வு. தமிழ்க் கதைகளின் விதி அதைத்தான் செய்கிறது.

கள்ளிக்குப்பத்து ஆட்டத்துக்குத் திரும்பினால் இது விளங்கும். ட்ரூயிடின் உடல் ஏரிக்கரைப் புதரில் கிடக்கிறது. உயிர், இறந்துகிடந்த நீர்க்காகத்தில் புகுந்து அக்கரைக்குப் பறக்கிறது. இப்போது மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பவர்கள் அல்லர். ஒருவர் உடலுக்கு நிழல் தேட வேண்டும். ஒருவர் அந்த வழியே வரும் ஊர்க்காரர்களிடம் இது பிணமல்ல என்று சொல்லிச் சமாளிக்க வேண்டும். பறவை நெடுநேரம் திரும்பாவிட்டால், அதற்குத் தன் பெயர் நினைவில் இருக்கும்படி ஒருவர் கரையிலிருந்து அழைக்க வேண்டும். உருமாறியவரின் ஆற்றலை வெட்டத் தேவையில்லை. அவர் திரும்பி வருவது நண்பர்களின் கையில் இருக்கிறது.

இதற்கு உடலை அழிக்கும் அளவு கடுமை வேண்டியதில்லை. உடல் இடம் மாறியிருக்கலாம், தவறானவர் கையில் சிக்கியிருக்கலாம், அதை மீட்பதே அடுத்த வார ஆட்டமாகலாம். விக்கிரமாதித்தன் இறுதியில் தன் உடலை மீட்கிறான். அதற்கு வழி செய்பவன் அவன் நண்பனும் அமைச்சனுமான பட்டி.

இதைச் சோதித்துப் பார்க்கத் தடையும் இல்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு அதை எவரும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். தமிழில் விதிநூல் எழுத முனைபவர்கள் ட்ரூயிடின் விலங்குப் பட்டியலைத் தமிழ்ப் பெயர்களில் மாற்றுவதோடு நின்றால் கிடைப்பது மொழிபெயர்ப்பு மட்டுமே. விட்டுப்போன உடலைப் பற்றிய கேள்வியை விதிக்குள் கொண்டுவந்தால் அது வேறொரு விளையாட்டாகும்.

உருமாற்ற விதி ஒவ்வொன்றும் மனிதரைப் பற்றிய ஒரு கருத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது. உடல் கழற்றி மாட்டக்கூடியது, உள்ளிருப்பவர் எப்போதும் அவரே என்பது இன்றைய விளையாட்டின் கருத்து. உடலை விட்டுப் போகலாம், ஆனால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பது கூடு பாய்தல் கதைகளின் கருத்து. ஐந்து பேர் ஒன்றாக அமர்ந்து ஆடும் விளையாட்டுக்கு இரண்டாவதே கூடுதலாகப் பொருந்துகிறது.